படகு நகர மறுத்த மதியம்

ஜூலை மாதம் முழுக்க இங்கிலாந்தின் கென்னட்–ஏவன் கால்வாயில், நேரோபோட் என்னும் ஒடுங்கிய கால்வாய்ப் படகிலேயே குடியிருந்தோம். ஏழடிக்கும் குறைவான அகலம். வேகமாக நடப்பவர் நம்மை முந்திவிடுவார். அவசரம் என்பதே மறந்துபோயிருந்தது. மேற்கிலிருந்து டிவைசஸ் என்ற ஊரை நெருங்கும்போது படகு திடீரென்று தளர்ந்தது. எஞ்சின் உறுமுகிறது, கரும்புகை வருகிறது, சுக்கான் கையில் உதறுகிறது.

எஞ்சின்தான் போச்சு என்று பயந்தேன். நியூட்ரலில் போட்டுப் பார்த்தால் சீராக ஓடியது. சரி, ப்ரொப்பல்லரில்தான் ஏதோ சுற்றியிருக்கிறது.

கரையில் கட்டி, எஞ்சினை அணைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இதில் மட்டும் சோம்பல் கூடாது. கை போகப்போவது இறக்கைகளுக்கு நடுவே. பின்தளப் பலகையைத் தூக்கினால் ப்ரொப்பல்லருக்கு நேர் மேலே ஓர் இரும்புப் பெட்டி. அதன் மூடியைக் கழற்றினால் கால்வாய்த் தண்ணீர். தோள்வரை கையை விட்டுத் துழாவினேன். நைலான் கயிறு, அதோடு முறுக்கிக்கொண்ட பிளாஸ்டிக் பை! ரொட்டிக் கத்தியால் அறுத்தெடுக்க முக்கால் மணி நேரம். கோடையிலும் தண்ணீர் ஜில்லென்று இருந்தது.

அப்புறம் மூடியின் ரப்பர் பட்டை சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்து இறுக்கினேன். தளர்வாக விட்டால் ப்ரொப்பல்லர் தள்ளும் தண்ணீர் எஞ்சின் அறைக்குள் ஏறிப் படகையே மூழ்கடித்துவிடும். மெதுவாக ஓட்டி, கசிவில்லை என்று தெரிந்த பிறகுதான் பலகையைப் போட்டேன்.

டிவைசஸுக்கு ஏறும் கேன் ஹில்லின் 29 லாக்குகள், அதாவது படகை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டிகள், மறுநாளுக்குத் தள்ளிப்போயின. அந்தக் கத்தியைச் சமையலறைக்குள் விட மனைவி சம்மதிக்கவே இல்லை.