பாடகரை விடுங்கள், டிரம்ஸைக் கேளுங்கள்: பழைய ப்ளூஸ், சோல், ராக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு

‘எல்லாக் காலத்துக்குமான சிறந்த 100 ராக் பாடல்கள்’ என்று யூடியூபில் தேடி, பத்தாவது பாட்டுக்குள் “எல்லாம் ஒரே மாதிரி இருக்கே” என்று மூடி வைத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். உச்சரிப்பு பிடிபடவில்லையே என்று தயங்குகிறவர்களுக்கும்தான். வரிகள் அப்புறம் புரியும், அவசரமில்லை.

1950, 60களில் அமெரிக்காவில் பதிவான ப்ளூஸ் (கறுப்பின அமெரிக்கர்களின் நாட்டார் பாட்டிலிருந்து வந்தது), சோல் (அதோடு தேவாலயப் பாட்டின் உணர்ச்சியும் சேர்ந்தது) பாடல்களில் பல, ஒரு சிறு குழு ஓர் அறையில் கூடி, ஒரே நேரத்தில் வாசித்து எடுத்தவை. பாடியவர் பெயர் இசைத்தட்டில் பெரிதாக இருக்கும். பின்னால் வாசித்தவர்கள் பெயர் பல நேரம் எங்குமே இருக்காது. என்னைக் கேட்டால் இந்த இசைக்குள் நுழைய அவர்கள்தான் நல்ல வழி. அதனால் இங்கே பாடகர் பக்கம் கொஞ்சம் தாமதமாகத்தான் போகப் போகிறோம்.

படி 1: போனைச் சரிசெய்யுங்கள்

போனின் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். கீழ்ச் சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு கீழே போக முடியாது. அதாவது பாட்டில் பாதி உங்கள் காதுக்கே வராது. சாதாரண வயர் இயர்போன் போதும். ‘பேஸ் பூஸ்ட்’, ‘சரவுண்ட்’ மாதிரி எதையாவது போட்டு வைத்திருந்தால் அணைத்துவிடுங்கள்.

இன்னொன்று. 60களின் ஸ்டீரியோ பதிவுகள் சிலவற்றில் குரல் ஒரு காதிலும் டிரம்ஸ் மறு காதிலுமாகப் பிரிந்து கிடக்கும். கேட்கவே சங்கடமாக இருக்கும். போன் செட்டிங்ஸில் அக்ஸஸிபிலிட்டி பகுதிக்குள் ‘மோனோ ஆடியோ’ என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் எல்லாரும் நடுவுக்கு வந்துவிடுவார்கள். அன்றைய ஹிட் பாடல்கள் பல, ரேடியோவுக்காக மோனோவில்தான் கவனமாகக் கலக்கப்பட்டன என்பதால் இதில் பெரிய நஷ்டமில்லை.

டர்ன்டேபிள், வினைல் என்று இப்போதே செலவில் இறங்க வேண்டாம்.

படி 2: பன்னிரண்டு வரை எண்ணுங்கள்

முதல் பாட்டு, புக்கர் டி. அண்ட் தி எம்.ஜி.ஸ் குழுவின் ‘கிரீன் ஆனியன்ஸ்’, 1962. இதில் பாட்டுக்காரரே கிடையாது. ஆர்கன், கிட்டார், பேஸ், டிரம்ஸ், நாலே பேர். மெம்ஃபிஸில் ஒரு பழைய சினிமா தியேட்டரை ஸ்டுடியோவாக மாற்றியிருந்த ஸ்டாக்ஸ் இசைத்தட்டுக் கம்பெனியின் ஆஸ்தான வாத்தியக்காரர்கள் இவர்கள். வேறொரு பாடகரின் பதிவுக்கு வந்த இடத்தில், கிடைத்த இடைவேளையில் வாசித்தது இது. ஆர்கன் வாசித்த புக்கர் டி. ஜோன்ஸுக்கு அப்போது 17 வயது.

பாட்டைப் போட்டுவிட்டு, மேஜையில் தட்டிக்கொண்டே எண்ணுங்கள். நாலு தட்டு ஒரு பார். ஒன்று-இரண்டு-மூன்று-நாலு என்று சொல்வதற்குப் பதில், முதல் தட்டில் பாரின் எண்ணைச் சொல்லுங்கள்: ஒன்று-இரண்டு-மூன்று-நாலு, இரண்டு-இரண்டு-மூன்று-நாலு, மூன்று-இரண்டு-மூன்று-நாலு. இப்படிப் பன்னிரண்டு வரை போய், திரும்பவும் ஒன்று.

எண்ணும்போது ஆர்கன் எங்கே நகர்கிறது என்று பாருங்கள். முதல் நாலு பாரில் ஒரே இடத்தில் நிற்கும். ஐந்தில் மேலே ஏறும், ஏழில் கீழே வந்துவிடும். ஒன்பதில் இன்னும் உயரே போய், பத்தில் ஒரு படி இறங்கி, பதினொன்றில் வீடு திரும்பும். ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 20 நொடி. கிட்டார் குறுக்கே வந்து வெட்டி வெட்டி வாசிக்கும்போதும் எண்ணிக்கையை விடாதீர்கள். அடியில் ஓடுவது அதே சுற்றுதான்.

முதல் முறை ஐந்தாவது பாரிலேயே எண்ணிக்கை நழுவலாம். பரவாயில்லை, திரும்பப் போடுங்கள். மொத்தமே மூன்று நிமிடத்துக்குள் முடியும் பாட்டு.

இந்தப் பன்னிரண்டு பார் சுற்றுதான் ப்ளூஸின் அடித்தளம். வரிகளும் இதற்குள்தான் உட்காரும்: ஒரு வரி, அதே வரி இன்னொரு முறை, பிறகு அதை முடித்துவைக்கும் மூன்றாவது வரி. ஆளுக்கு நாலு பார். பிக் மாமா தார்ன்டன் 1953இல் பாடி வெளிவந்த ‘ஹவுண்ட் டாக்’ பாட்டில் இதை எண்ணிப் பாருங்கள். 1956இல் எல்விஸ் பிரெஸ்லி அதையே பாடியதிலும் எண்ணுங்கள். ராக் அண்ட் ரோல் எங்கிருந்து வந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

எண்ணிக்கை பழகியதும் ஹவ்லிங் உல்ஃப் பாடிய ‘ஸ்மோக்ஸ்டாக் லைட்னிங்’ (1956) போடுங்கள். எண்ணிக்கொண்டே இருப்பீர்கள், ஆனால் பாட்டு எங்கேயும் நகராது. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஒரே சுரக்கூட்டு. அந்த மனிதரின் குரல் ஒன்றே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

படி 3: கை தட்டும் இடத்தை மாற்றுங்கள்

நாம் தாளம் போட்டால் அழுத்தம் முதல் தட்டில் விழும், அது நமக்குப் பழக்கம். இங்கே அழுத்தம் இரண்டிலும் நாலிலும். ஸ்னேர் டிரம் ‘டக்’ என்று விழுகிற இடம் அதுதான். ஒன்றிலும் மூன்றிலும் கை தட்டினால் பாட்டு படுத்துவிடும்.

பயிற்சிக்கு வில்சன் பிக்கெட்டின் ‘இன் தி மிட்நைட் ஹவர்’, 1965, இதுவும் ஸ்டாக்ஸில் எடுத்தது. பதிவின்போது அட்லாண்டிக் கம்பெனியின் தயாரிப்பாளர் ஜெரி வெக்ஸ்லர், நியூயார்க்கில் இளைஞர்கள் ஆடிக்கொண்டிருந்த ‘ஜெர்க்’ ஆட்டத்தை ஸ்டுடியோவிலேயே ஆடிக் காட்டினார். டிரம்ஸ் வாசித்த அல் ஜாக்சனும் கிட்டார் வாசித்த ஸ்டீவ் கிராப்பரும் அதைப் பார்த்து, இரண்டாவது, நாலாவது தட்டை ஒரு மயிரிழை தாமதமாக வைத்தார்கள். நீங்கள் சரியான நேரத்தில் கை தட்டினால், டிரம்ஸ் உங்களுக்குக் கொஞ்சம் பின்னால் வருவது போலத் தோன்றும். அந்த இழுப்புதான் மெம்ஃபிஸ் சோல். வேகம் குறையவே குறையாது, ஆனால் யாருக்கும் அவசரமில்லாதது போல இருக்கும்.

படி 4: பேஸைப் பின்தொடருங்கள்

இப்போது டெட்ராய்ட். பெரி கோர்டி 1959இல் தொடங்கிய மோட்டவுன் கம்பெனி, ஒரு வீட்டில் ஸ்டுடியோ அமைத்து, மூன்று நிமிடப் பாடல்களை வரிசையாகச் செய்து தள்ளியது. டெம்ப்டேஷன்ஸ் குழுவின் ‘மை கேர்ள்’ (1964) தொடங்குவதே பேஸ் கிட்டாரில்தான். முதலில் அது தனியாக வரும், பிறகு கிட்டார் படியேறுவது போல ஒரு சின்ன இழையைச் சேர்க்கும், அதற்குப் பிறகுதான் குரல். ஒவ்வொன்றாக வந்து சேர்வதால், ஒரு பாட்டை அடுக்கு அடுக்காகப் பிரித்துக் கேட்கப் பழக இதைவிட நல்ல பாட்டு எனக்குத் தெரியவில்லை.

அந்த பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்தே கம்பிகளை மீட்டுவார். அடுத்ததாக மார்வின் கே, டாமி டெரல் பாடிய ‘எய்ன்ட் நோ மவுன்டன் ஹை எனஃப்’ (1967) கேளுங்கள். பாடுகிற இருவரையும் மறந்துவிட்டு, கீழே ஜேமர்சன் என்ன செய்கிறார் என்று மட்டும் பின்தொடருங்கள். ஓர் இடத்திலும் சும்மா நிற்கமாட்டார். கேட்டால் அது தனியாகவே ஒரு பாட்டு.

இவ்வளவு ஹிட்களில் வாசித்தும் மோட்டவுன் ஆல்பங்களில் ஜேமர்சனும் அவரோடு ஸ்டுடியோவில் வாசித்தவர்களும் பெயரோடு வரவே இல்லை. 1971இல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆல்பத்தில்தான் அவர்கள் பெயர்கள் முறையாக அச்சாயின. ஏன் அவ்வளவு காலம் ஆனது என்று கேட்டால் எனக்கு இன்றும் கோபம்தான் வரும்.

படி 5: ஒரே பாட்டு, இரண்டு கைகள்

இப்போது பாடகர்கள். ஒரு பாட்டை ஒருவர் பாட, இன்னொருவர் எடுத்துத் தன்னுடையதாக்கிக்கொள்வது இந்த இசையில் சாதாரணம். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பதுபோலக் காதைக் கூர்மையாக்கும் பயிற்சி வேறில்லை.

‘ரெஸ்பெக்ட்’ ஓட்டிஸ் ரெடிங் எழுதி 1965இல் பாடியது. உழைத்துக் களைத்து வீட்டுக்கு வருகிற ஆண், மனைவியிடம் கொஞ்சம் மரியாதை கேட்கிறான். கிட்டத்தட்டக் கெஞ்சல். 1967இல் அரேத்தா ஃபிராங்க்ளின் அதைக் கையில் எடுத்தார். பியானோவும் அவரே. பின்னணியில் சகோதரிகள். வரிகள் கொஞ்சம்தான் மாறின, ஆனால் கேட்பது இப்போது பெண். அந்த ஆங்கிலச் சொல்லை எழுத்து எழுத்தாகச் சொல்லி அதட்டும் இடம் ஓட்டிஸின் பதிவில் இல்லை. அது அரேத்தாவின் பதிவில் வந்தது. அந்த இடத்தில் மற்ற வாத்தியங்கள் எப்படி நின்று வழிவிடுகின்றன என்று கேளுங்கள். கறுப்பின உரிமைப் போராட்டத்திலும் பெண்ணுரிமைப் போராட்டத்திலும் அந்தப் பாட்டு ஒலித்ததில் ஆச்சரியமே இல்லை.

ராக் பக்கம் போவதற்கு, லெட் செப்பலின் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ‘வென் தி லெவி பிரேக்ஸ்’ (ஆற்றங்கரை உடையும்போது), 1971. ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய கட்டடத்தில், மாடிப்படிக்குக் கீழே ஜான் பான்ஹமை டிரம்ஸோடு உட்கார வைத்து, மைக்குகளை மேலே மாடிப்பக்கம் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். டிரம்ஸோடு அந்தக் கூடமும் சேர்ந்து முழங்குகிறது. கேட்டு முடித்ததும் இதன் மூலத்தைத் தேடுங்கள்: கன்சாஸ் ஜோ மெக்காயும் மெம்ஃபிஸ் மின்னியும் 1929இல் பதிவு செய்தது. இரண்டு கிட்டார், ஒரு குரல், அவ்வளவுதான். 1927இல் மிசிசிப்பி ஆற்றின் கரைகள் உடைந்து லட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள். கரையில் மண்மூட்டை அடுக்க, கறுப்பினத் தொழிலாளர்களைக் கட்டாயப்படுத்தி நிறுத்தினார்கள். அதெல்லாம் நடந்து இரண்டே வருடத்தில் பாடிய பாட்டு அது. செப்பலினில் வெள்ளம் வருவது தெரியும். மூலத்தில், வெள்ளத்தைப் பார்த்தவர்கள் பேசிக்கொள்வது கேட்கும். எனக்கு இப்போதெல்லாம் இரண்டாவதுதான் அதிகம் பிடிக்கிறது.

படி 6: இரைச்சலுக்குப் பின்னால்

பழைய ப்ளூஸுக்கு நேரே குதித்தால் சரசரப்பு தாங்காது. நடுவில் மடி வாட்டர்ஸ் என்ற பாலத்தில் ஏறுங்கள். மிசிசிப்பியின் பருத்தித் தோட்டத்தில் வேலை பார்த்தவர், 1943இல் சிகாகோ போனார். கூட்டமும் சத்தமுமான கிளப்பில் சாதா கிட்டார் எடுபடாது, எலக்ட்ரிக் கிட்டாருக்கு மாறினார். ‘ஹூச்சி கூச்சி மேன்’ (1954) கேளுங்கள்: குழு முழுதும் சேர்ந்து ஓர் அடி அடித்துவிட்டு நிற்கும், அந்த வெற்றிடத்தில் அவர் ஒரு வரி பாடுவார்.

அங்கிருந்து ராபர்ட் ஜான்சன். 1936இலும் 1937இலும் டெக்சாஸில் 29 பாடல்களைப் பதிவு செய்துவிட்டு, 1938இல் 27 வயதில் இறந்தவர். ‘கிராஸ் ரோட் ப்ளூஸ்’ போட்டு, முதல் முறை இரைச்சலை மட்டும் கேளுங்கள். ஆமாம், வேண்டுமென்றே. அது மாறாமல் ஒரே சீராக இருப்பது புரிந்ததும் காது அதைத் தானாக ஒதுக்கிவிடும். இரண்டாம் முறை கட்டைவிரல் மீட்டும் கீழ்க்கம்பிகள். மூன்றாம் முறை, மேலே கம்பியில் வழுக்கிப் போகும் ஸ்லைடு, அதாவது விரலில் மாட்டிக்கொள்ளும் சின்னக் குழாய். சுரத்தில் நேராக நிற்காமல் சறுக்கி வந்து சேரும் அந்த ஒலி, கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்நியமாகவே இருக்காது. வாசிப்பது ஒரே ஆள்தானா என்று சந்தேகம் வரும். ஒரே ஆள்தான்.

படி 7: எந்தப் பதிவு என்று பாருங்கள்

ஸ்ட்ரீமிங் ஆப்களில் ஒரு சிக்கல் உண்டு. 60களின் பாடகர்கள் பலர், பிற்காலத்தில் தங்கள் ஹிட்களை வேறு கம்பெனிகளுக்காகத் திரும்பப் பாடிக் கொடுத்திருக்கிறார்கள். பாட்டும் பெயரும் அதே, அறையும் ஆட்களும் வேறு. மலிவான தொகுப்புகளில் இவை நிறைய. ‘ரீ-ரெக்கார்டட்’ என்று எங்காவது சின்னதாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போடாவிட்டாலும், டிரம்ஸ் பளபளவென்று இருந்து, சிந்தசைசர் மாதிரி ஏதாவது கேட்டால் விலகிவிடுங்கள். ஸ்டாக்ஸ், மோட்டவுன், அட்லாண்டிக், செஸ் என்று பாட்டை முதலில் வெளியிட்ட கம்பெனியின் (லேபிள்) பெயர் இருந்தால் பெரும்பாலும் நம்பலாம்.

ரீமாஸ்டர் என்பது வேறு விஷயம். அது பழைய டேப்பைத் திரும்பச் சுத்தம் செய்தது. சிலவற்றில் ஒலியை அளவுக்கு மீறி ஏற்றி, மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் வித்தியாசமே இல்லாமல் செய்துவிடுவார்கள். ஒரே பாட்டுக்கு இரண்டு ரீமாஸ்டர் கிடைத்தால், வால்யூமை ஏற்றி இறக்கி இரண்டையும் ஒரே அளவு சத்தத்துக்குக் கொண்டுவந்து கேளுங்கள். ஸ்னேர் டிரம் எதில் துள்ளி வெளியே வருகிறதோ, அதை வைத்துக்கொள்ளுங்கள்.