மலையில் நிற்பது ஈச்சங்கன்றா, சைகஸா?

நகரி, புத்தூர்ப் பக்கத்தில் நாங்கள் திருப்பதி மலைச்சரிவில் முழங்கால் உயரத்துக்கு ஓலை விரித்து நிற்கிற எதைப் பார்த்தாலும் ஈச்சங்கன்று என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். அதில் சிலது ஈச்சையே இல்லை. சைகஸ் என்கிற, ஈச்சை மாதிரி ஓலை விரிக்கிற வேறொரு செடிவகையில் ஒன்று, சைகஸ் பெட்டோமி. கிழக்குத் தொடர்ச்சி மலையில் இந்த ஆந்திரத் துண்டை விட்டால் உலகத்தில் வேறெந்தக் காட்டிலும் கிடையாது.

உயரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஓலையின் இருபுறமும் வரிசையாக நிற்கிற கீற்றைப் பாருங்கள். ஈச்சங்கீற்று நடுவில் மடங்கிப் பள்ளமாக இருக்கும், ஓலையின் காம்புப் பக்கத்தில் கீற்றுகளே ஊசி முள்ளாக மாறிக் குத்தும். சைகஸ் கீற்றில் நடுநரம்பு ஒன்றுதான், பக்க நரம்பு கிடையவே கிடையாது. பெட்டோமியில் கீற்று 3, 4 மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும், அதன் இரண்டு ஓரமும் கீழ்ப்பக்கம் சுருண்டிருக்கும். அடியில் விரலை ஓட்டினாலே தெரிந்துவிடும். கேரளத்துக்காரர்கள் ஈந்து என்கிற சைகஸுக்குக் கீற்று அகலமாகத் தட்டையாக இருக்கும், மரமும் ஆள் உயரத்தைத் தாண்டும். பங்களா வாசலில் தொட்டியில் வைக்கிற ஜப்பான் சைகஸுக்கும் ஓரம் சுருளும், ஏமாந்துவிடாதீர்கள், ஆனால் அது நர்சரிச் செடி, இந்தப் பாறைச்சரிவில் தானாக முளைத்து நிற்காது.

அப்புறம் தண்டு. பெரும்பாலும் 40 சென்டிமீட்டருக்குள் குட்டையாக, பழைய காம்புகளின் அடிக்கட்டை சுற்றி ஒட்டியபடி இருக்கும். காட்டுத்தீயில் கருகிக் கிடந்தாலும் செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், உச்சியிலிருந்து திரும்பக் குருத்து விடும். இளங்கீற்றுகள் பெரணி மாதிரி சுருண்டு வருவது ஈச்சையில் வராத அடையாளம்.

ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆணில் நடுவே ஒற்றைக் கூம்பு நிற்கும். பெண்ணில் கூம்பு இல்லை, பழுப்பு ரோமம் போர்த்திய சின்ன இலை போன்றவை உச்சியைச் சுற்றி நிற்க, அவற்றின் ஓரத்தில் விதை பிடிக்கும். விதை நச்சு, வாயில் வைக்காதீர்கள். நாட்டு மருந்துக் கடையில் மதனகாமப்பூ என்று விற்பதும் சைகஸின் ஆண் கூம்புதான். கூம்பை வெட்டிவிட்டால் மகரந்தம் எங்கே, விதை எங்கே?

சரி, கண்டுபிடித்துவிட்டீர்கள். பிடுங்கக் கூடாது, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இதன் பெயரே இருக்கிறது. கீற்றின் அடிப்பக்கம், தண்டு, கூம்பு மூன்றையும் படம் எடுங்கள், எடுப்பதற்கு முன்னால் போனில் லொகேஷனை அணைத்துவிடுங்கள், பிடுங்க வருகிறவர்களுக்குப் படமே வழி காட்டிவிடக் கூடாது.