மலையில் உட்கார்ந்து பார்க்க எடை குறைந்த டிரைபொட் வாங்குவது எப்படி?

பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் பைனாகுலரைக் கையில் பிடித்தால், அது கை நடுக்கத்தையும் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும். எதிர் மலையில் மரை (பெரிய காட்டு மான்) நிற்கிறது என்று கூட வந்தவர் கைகாட்டுவார். நீங்களும் பார்ப்பீர்கள். மரம் ஆடும், பாறையும் ஆடும். அரை நிமிடத்தில் தோள் வலிக்கும். "ஒன்றையும் காணோமே" என்று பைனாகுலரைக் கழுத்தில் தொங்க விட்டுவிடுவீர்கள். மரை அங்கேயேதான் நின்றுகொண்டிருக்கும்.

இதற்கு வழி கண்டவர்கள் வெளிநாட்டு மலை வேட்டைக்காரர்கள். அமெரிக்காவின் மேற்கு மலைகளிலும் நியூசிலாந்திலும் சுமையை முதுகில் கட்டிக்கொண்டு நாட்கணக்கில் நடப்பவர்கள், பைனாகுலரை ஒரு சின்ன டிரைபொட்டில் பூட்டி, மணிக்கணக்கில் எதிர்ச் சரிவைத் துழாவுகிறார்கள். நடந்து தேடுவதைவிட உட்கார்ந்து தேடினால் அதிகம் கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. நம் இலங்கையில் மரையைச் சுடுவது சட்டப்படி குற்றம். பேக்கர் நீர்வீழ்ச்சிக்குப் பெயர் தந்த சாமுவேல் பேக்கர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நாய்களும் கத்தியுமாக ஹோட்டன் சமவெளியில் மரையை விரட்டிய காலம் போயே போய்விட்டது. அந்த வெளிநாட்டு வேட்டைக்காரர்களின் உத்தியை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

1. அளவு நாடாவோடு தரையில் உட்காருங்கள்

கடைக்குப் போகும் முன் இதைச் செய்யுங்கள். தரையில் சம்மணமிட்டோ காலை நீட்டியோ வசதியாக உட்காருங்கள். தரையிலிருந்து உங்கள் கண் எத்தனை சென்டிமீட்டர் உயரம் என்று வீட்டில் யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 70 முதல் 85 வரை வரும். நீங்கள் டிரைபொட்டை அதிக நேரம் வைக்கப்போகும் உயரம் அதுதான்.

புதிதாக வாங்குகிறவர்கள் "நின்று பார்க்க வேண்டாமா?" என்று கேட்டுவிட்டு, ஆறடி எழும்பும் டிரைபொட்டை வாங்கி, இரண்டாவது பயணத்திலேயே வீட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள். அரை மணி நேரம் நின்றபடி பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. நின்று பார்த்தே ஆக வேண்டும் என்றாலும் உங்கள் முழு உயரம் தேவையில்லை. கால்களுக்கு மேலே பூட்டும் தலைப்பகுதியும் பைனாகுலரும் சேர்ந்தே 15, 20 சென்டிமீட்டர் ஏற்றிக் கொடுக்கும். ஐந்தரை அடி ஆளுக்குக் கால்கள் மட்டும் 135 சென்டிமீட்டர் எழும்பினால் போதும்.

2. எடைக்கு ஓர் எல்லை போடுங்கள்

முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலமுள்ள பைனாகுலர் ஒன்று முக்கால் கிலோ அளவில் இருக்கும். அதைத் தாங்கக் காலும் தலையும் சேர்த்து ஒன்றரைக் கிலோவுக்குள் ஒரு டிரைபொட் போதும். ஒரு கிலோவுக்கும் கீழே போகலாம், ஆனால் அங்கே போகப்போக ஆட்டம் கூடும். தண்ணீர், மழைச்சட்டை, ரொட்டியும் சம்பலும் எல்லாம் அதே பையில்தானே போகின்றன? வீட்டில் அவ்வளவையும் போட்டு நிறுத்துப் பாருங்கள்.

பெட்டியில் "8 கிலோ தாங்கும்" என்று எழுதியிருப்பதை அதிகம் நம்ப வேண்டாம். அந்த எண்ணை எப்படிக் கணக்கிட வேண்டும் என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான விதி கிடையாது. நான் முதலில் வாங்கியதில் ஐந்து கிலோ என்று போட்டிருந்தது. ஹப்புத்தளையில் ஒரு ஜூலை மாதக் காற்றில், முக்கால் கிலோ பைனாகுலரைக்கூட அது தாங்கவில்லை. தூங்கி விழுகிற மாதிரி மூக்கைக் கீழே தொங்கப் போட்டது. கைப்பிடி பிளாஸ்டிக். இறுக்கினேன், கையோடு வந்துவிட்டது.

3. கால்களைப் பாருங்கள்

கார்பன் ஃபைபர், அலுமினியம் என்று இரண்டு வகை. ஒரே அளவில் கார்பன் கால்கள் கால் கிலோ முதல் அரைக் கிலோ வரை எடை குறைந்திருக்கும். அதிர்வும் சீக்கிரம் அடங்கும். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியலில் புல்லில் உறைபனி பூத்திருக்கும்போது அலுமினியத்தைத் தொட்டால் கை சுரீரென்று இழுக்கும். கார்பனில் அந்தத் தொல்லை குறைவு. விலைதான் இடிக்கும். காசு குறைவு என்றால் அலுமினியமே வாங்குங்கள், மிச்சத்தைத் தலைப்பகுதியில் போடுங்கள். அது ஏன் என்று அடுத்த படியில் சொல்கிறேன்.

ஒரு காலில் எத்தனை துண்டுகள் என்று எண்ணுங்கள். ஐந்து துண்டுக் கால் மடித்தால் குட்டையாகிப் பைக்குள் ஒளிந்துகொள்ளும். ஆனால் கடைசித் துண்டு பென்சில் மாதிரி மெலிந்துவிடும். மூன்று துண்டு உறுதியானது, மடித்தாலும் நீளம். நடந்து போகிறவருக்கு நான்குதான் சரி. மேல் குழாய் 22 முதல் 25 மில்லிமீட்டர் தடிப்பு இருக்கட்டும்.

நடுத்தண்டு, அதாவது நடுவில் மேலே இழுக்கிற கம்பம், எனக்குப் பிடிக்காது. அதை உயர்த்தினால் மூன்று காலில் நின்ற பொருள் ஒற்றைக் காலுக்கு வந்துவிடுகிறது. அது இல்லாத டிரைபொட் கிடைத்தால் நல்லது. இருந்தால் கீழே இறக்கியே வைத்திருங்கள். ஆனால் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒவ்வொரு காலையும் தனித்தனியே வேறு வேறு கோணத்தில் விரிக்க முடிய வேண்டும். மூன்று காலும் நடுவில் குறுக்குக் கம்பியால் பிணைந்திருக்கும் கல்யாண வீட்டு வீடியோக்காரர் வகை, சமதரைக்கு மட்டும்தான். மலையகத்தில் சமதரை எங்கே இருக்கிறது, விளையாட்டு மைதானத்தைத் தவிர?

4. தலைப்பகுதியில்தான் காசு போட வேண்டும்

கடைக்காரர் பெரும்பாலும் பந்துத் தலையை நீட்டுவார். புகைப்படத்துக்கு அது நல்லது. ஒரு திருகைத் தளர்த்தினால் எல்லாப் பக்கமும் சாயும். நமக்கு அதுவேதான் தொல்லை. சரிவைத் துழாவும்போது பைனாகுலர் இடமிருந்து வலமாக ஒரே மட்டத்தில் நகர வேண்டும். பந்துத் தலையில் அது பக்கவாட்டில் சரிந்து, மலையே சாய்ந்த மாதிரி தெரியும்.

எனவே இடவலம் ஓர் அசைவு, மேல்கீழ் ஓர் அசைவு, இந்த இரண்டு மட்டும் உள்ள தலையைக் கேளுங்கள். சின்ன வீடியோ தலை என்று சொன்னால் புரியும். நல்லதாக இருந்தால் எண்ணெயில் நகர்வது போல மெதுவாக, விக்காமல் நகரும், கையை எடுத்த இடத்தில் நிற்கும். 300, 400 கிராமில் கிடைக்கிறது. நீளக் கைப்பிடியைக் கழற்ற முடிந்தால் பைக்குள் வைக்கச் சுலபம்.

திருகு அளவையும் பாருங்கள். காலுக்கும் தலைக்கும் இடையே பொதுவாக 3/8 அங்குலம். தலைக்கு மேலே பூட்டும் பொருளுக்கு 1/4 அங்குலம்.

5. பைனாகுலரைப் பூட்டும் துண்டு

உங்கள் பைனாகுலரின் முன்பக்கம், இரண்டு குழாய்க்கும் நடுவே கீல் முனையில், சின்ன மூடி இருக்கிறதா பாருங்கள். திருகிக் கழற்றினால் உள்ளே 1/4 அங்குலத் துளை இருக்கும். பல வருடம் வைத்திருந்தும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாதவர்கள் உண்டு. அதில் எல் வடிவ அடாப்டரைத் திருகி, தலையின் தட்டில் பூட்டிவிடலாம். தட்டு ஆர்கா ஸ்விஸ் (பல நிறுவனங்களும் பின்பற்றும் பொதுவான தட்டு வடிவம்) வகையாக இருந்தால் பிற்காலத்தில் மாற்று வாங்குவது எளிது. துளை இல்லாவிட்டால், பைனாகுலரை மேலே வைத்துப் பட்டியால் கட்டும் தட்டு ஒன்றும் விற்கிறது.

6. கடையில் ஒரு சோதனை

நீங்கள் வைக்கப்போகும் உயரத்துக்கு விரித்து, சொந்த பைனாகுலரையே பூட்டுங்கள். தெருவுக்கு அப்பால் ஏதாவது ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்தபடி காலை விரலால் சுண்டுங்கள். எழுத்து எவ்வளவு நேரத்தில் அமைதியாகிறது? ஓரிரு விநாடி என்றால் வாங்கலாம். நீங்கள் மூன்று வரை எண்ணியும் ஆடிக்கொண்டிருந்தால் அடுத்ததைக் கேளுங்கள். பூட்டுகளைக் கையுறையோடும் திறந்து பாருங்கள்.

7. சரிவில் நிறுத்துவது

இரண்டு கால்கள் பள்ளத்துப் பக்கம், ஒன்று மேட்டுப் பக்கம். பள்ளத்தாக்கைப் பார்த்து உட்கார்ந்தால் அந்த ஒற்றைக் கால் உங்கள் இரு தொடைக்கும் நடுவே வரும். காலை நீட்டும்போது தடித்த மேல் துண்டுகளை முதலில் இழுங்கள், மெல்லியதைக் கடைசியாக. மட்டம் பார்ப்பது ரொம்ப முக்கியம். தேயிலைச் செடிமேல் மட்டக்கம்பு வைத்துக் கொழுந்தெடுத்த அம்மாக்களின் பிள்ளைகளுக்கு அதை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

காற்று அடித்தால் பையை நடுவில் தொங்கவிடலாம். பையின் அடி தரையைத் தொட வேண்டும். அந்தரத்தில் விட்டால் அது ஊஞ்சலாடி டிரைபொட்டையும் ஆட்டும்.

8. இனித் தேடுங்கள்

சரிவை மனதுக்குள் வரிசை வரிசையாகப் பிரியுங்கள். மேல் வரிசையின் இடது மூலையில் வைத்து, கையை எடுத்துவிட்டு, கண்ணை மட்டும் அந்த வட்டத்துக்குள் ஓட்டுங்கள். மெதுவாக இருபது வரை எண்ணுங்கள். பிறகு பாதி வட்டம் வலப்பக்கம் நகருங்கள். காட்டோரமும் புல்வெளியும் சேரும் கோட்டில் அதிக நேரம் நில்லுங்கள். விடியலில் மரைகள் மேய்ச்சலை முடித்து நிழலுக்குத் திரும்பும் இடம் அதுதான்.

எங்கள் தோட்டத்துப் பழைய காவல்காரர் ஒருவர் பைனாகுலரை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, மரைய தேடாத, காத தேடு" என்றார். அவர் சொன்னது சரிதான். முழு உடம்பு தெரிவது அபூர்வம். நெட்டுக்குத்தான மரங்களுக்கு நடுவே படுக்கைவாட்டில் ஒரு கோடு தெரிந்தால் அது முதுகாக இருக்கலாம். கொசுவை விரட்டக் காது ஒரு தடவை அடித்தால் போதும், மற்றதைக் கண் தானே சேர்த்துக்கொள்ளும். ஆடாத படத்தில்தான் அந்த அசைவு தெரியும்.

பழக நல்ல இடம் ஹோட்டன் சமவெளி. கதவு திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். ஒன்பது, பத்து மணிக்கு மேல் பெரும்பாலும் அங்குள்ள ‘உலக முடிவு’ என்னும் செங்குத்துப் பாறை விளிம்பை மூடுபனி மூடிவிடும். பாதையை விட்டு இறங்கக்கூடாது, நடைபாதையை மறித்து டிரைபொட்டை வைக்கவும் கூடாது. வாகனத் தரிப்பிடத்தில் ஆண் மரைகள் ஆளுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். அவற்றுக்கு டிரைபொட்டும் வேண்டாம், தீனியும் வேண்டாம். தேயிலை மலையில் எதிர்ச் சரிவில் சிறுத்தை தென்பட்டால், இருந்த இடத்திலேயே இருந்து பாருங்கள், கிட்டப் போகாதீர்கள்.

9. வீட்டுக்கு வந்ததும்

கால்களை முழுக்க இழுத்து, ஈரத்துணியால் சேற்றைத் துடைத்து, விரித்தபடியே ஓர் இரவு காயவிடுங்கள். ஈரத்தோடு மடித்தால் பூட்டுக்குள் மணல் இறுகி, அடுத்த தடவை திறக்காது. காலில் சுற்றியிருக்கும் பஞ்சு உறையையும் தடவிப் பாருங்கள். போன முறை என்னுடையதில் இரண்டு அட்டைகள் ஹட்டன் வரை டிக்கெட் இல்லாமல் வந்திருந்தன.