மைன்கிராஃப்ட் சர்வரில் ஆடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டை, மேலப்பாளையம், பேட்டை, அம்பாசமுத்திரம், வள்ளியூர், களக்காடு என்று நெல்லைச் சீமையின் பல ஊர்களிலிருந்து பிள்ளைகள் வந்து ஆடுகிற ஒரு சிறிய மைன்கிராஃப்ட் சர்வரை நண்பர்களோடு சேர்ந்து பார்த்துக்கொள்கிறேன். கட்டைகளை அடுக்கி வீடும் ஊரும் கட்டுகிற கேம்தான் மைன்கிராஃப்ட். பலர் ஒரே உலகத்தில் சேர்ந்து ஆட உதவுவது சர்வர். பள்ளி, கல்லூரி மாணவர்கள்தான் அதிகம். வேலைக்குப் போகும் அண்ணன்மார், அக்காமார் சிலரும் உண்டு. உள்ளே வரும் எல்லோருக்கும் விதிகளைக் காட்டுகிறோம். ஆனாலும் புகார்கள் வரத்தான் செய்கின்றன. அவற்றில் கெட்ட எண்ணத்தோடு செய்தவை குறைவு. "கேம்தானே, இதுல என்ன இருக்கு" என்ற நினைப்பில் செய்தவைதான் அதிகம். அங்கே நிற்கும் ஒவ்வொரு சுவரையும் அடுக்கியவர் ஒரு மனிதர், அவருடைய சாயங்காலங்கள் அதில் போயிருக்கின்றன என்பது மறந்துபோகிறது. கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த மறதியில் வருபவை.

அடுத்தவர் கட்டியதில் கை வைப்பது

முதல் தவறு, அதிகமாக நடக்கும் தவறு இதுதான். ஒருவர் ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்தை இரண்டு தட்டோடு கட்டிக்கொண்டிருப்பார். இன்னொருவர் நெல்லையப்பர் தேரைச் சக்கரத்திலிருந்து ஆரம்பித்து மேலே கொண்டுபோயிருப்பார். புதிதாக வந்தவருக்கு நாலு கல் தேவைப்படும். கண்ணில் பட்டதைப் பெயர்த்துக்கொண்டு போய்விடுவார். சிலர் சும்மா வேடிக்கைக்காக டிஎன்டி வெடி வைப்பார்கள், லாவா ஊற்றுவார்கள். இதைத்தான் கிரீஃபிங் என்கிறோம். எல்லா நல்ல சர்வரிலும் இது பெரிய குற்றம்.

"நான் செய்யலை" என்று சொல்லிப் பயனில்லை. கோர்ப்ரொடெக்ட் போன்ற பிளக்இன், அதாவது சர்வரில் சேர்க்கும் துணை நிரல், இருந்தால், எந்தக் கட்டையை யார் எப்போது வைத்தார், யார் உடைத்தார், எந்தப் பெட்டியிலிருந்து யார் எதை எடுத்தார் என்று எல்லாம் பதிவாகிறது. சர்வரைப் பார்த்துக்கொள்ளும் அட்மின் அந்த இடத்தைத் தட்டிப் பார்த்தாலே பெயரும் நேரமும் வந்துவிடும். குறிப்பிட்ட ஆள் குறிப்பிட்ட நேரத்தில் செய்ததை மட்டும் பின்னோக்கித் திருப்பவும் முடியும். தெரியாமல் உடைத்துவிட்டால் அந்த நிமிடமே சாட்டில் சொல்லிவிடுங்கள். தானாக வந்து சொன்ன யாரையும் நாங்கள் நீக்கியதில்லை.

இடத்தைப் பதிவு செய்யாததும் ஒரு தவறுதான். கிரீஃப் பிரிவென்ஷன் என்ற பிளக்இன் இருக்கும் சர்வரில் தங்க மண்வெட்டியைக் கையில் எடுத்து, எதிரெதிர் மூலைகள் இரண்டைத் தட்டினால் அந்தப் பரப்பு உங்கள் பெயருக்கு வந்துவிடும். முதல் பெட்டியை வைத்தவுடனே அதைச் சுற்றிச் சிறிது இடம் தானாகப் பதிவாகும். பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள், வீடு அதைத் தாண்டி வளர்ந்துவிடுகிறது. அப்புறம், நேற்று அறிமுகமான ஆளுக்கு இன்று முழு அனுமதி கொடுப்பது. கதவைத் திறக்க மட்டும், பெட்டியைத் திறக்கவும், கட்டவும் உடைக்கவும் என்று அனுமதியில் படிகள் இருக்கின்றன. கீழ்ப்படியிலிருந்து கொடுங்கள். பதிவு செய்யாத வீடு என்பதற்காக அது யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் வீடு ஆகிவிடாது. கதவு திறந்திருந்தாலும் அப்படித்தான்.

இறந்தவரின் பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருவர் குகையில் இறந்தால் அவர் வைத்திருந்ததெல்லாம் தரையில் சிதறும், 5 நிமிடத்தில் மறைந்துவிடும். பக்கத்தில் இருப்பவர் அதை எடுத்து ஒரு பெட்டியில் போட்டு, "இங்க வச்சிருக்கேன், வந்து எடுத்துக்கோங்க" என்று சொல்வது எங்கள் சர்வரில் பழக்கம். எடுத்து வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பவரைத் திருடியவராகவே எண்ணுகிறோம்.

எக்ஸ்ரே, ஹேக், டூப்

2021-இல் வந்த 1.18 பதிப்புக்குப் பிறகு வைரம் ஆழம் போகப் போக அதிகமாகக் கிடைக்கிறது. அடிமட்டத்தை ஒட்டி, மைனஸ் 59 என்ற உயரத்தில் பலரும் தோண்டுகிறார்கள். அங்கே பொறுமையாகத் தோண்டுபவரின் சுரங்கத்தையும், கல்லுக்குள் ஊடுருவிப் பார்க்கும் எக்ஸ்ரே வைத்திருப்பவரின் சுரங்கத்தையும் பார்த்தவுடனே பிரித்துவிடலாம். பின்னது ஒரு வைரத்திலிருந்து அடுத்த வைரத்துக்கு நேராகப் போகும். பேப்பர் சர்வர் மென்பொருளில் போலித் தாதுக்களைக் காட்டும் ஏற்பாடும் உண்டு. அதை ஓட வைத்திருந்தால் எக்ஸ்ரேயில் தெரிவது எல்லாம் குப்பை.

தடை செய்யப்படுவது சின்ன ஆபத்து. "இலவச ஹேக் கிளையன்ட்" என்று ஏதோ வீடியோவுக்குக் கீழே கிடக்கும் இணைப்பிலிருந்து இறக்கும் கோப்புகளில் பாஸ்வேர்டு திருடும் நிரல்கள் ஒளிந்திருப்பது வழக்கம். வீட்டில் அப்பாவின் வங்கி ஆப்பும் அதே போனில்தான் இருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே தொடாதீர்கள்.

டூப், அதாவது கேமின் ஓட்டையைப் பயன்படுத்திப் பொருளை இரட்டிப்பாக்குவது, கடை வைத்து வியாபாரம் செய்யும் மற்ற எல்லோருடைய உழைப்பையும் ஒரே நாளில் செல்லாக்காசு ஆக்கிவிடும். ஓட்டை கண்ணில் பட்டால் அட்மினிடம் தனியாகச் சொல்லுங்கள், பொது சாட்டில் போடாதீர்கள்.

தெரியாமலே சர்வரைப் படுக்க வைப்பது

மைன்கிராஃப்ட் சர்வர் ஒரு விநாடிக்கு 20 முறை உலகத்தைக் கணக்குப் போடுகிறது. ஒவ்வொரு முறைக்கும் 50 மில்லி விநாடிதான் அவகாசம். அதற்குள் முடியாவிட்டால் எல்லோருக்கும் ஆட்டம் இழுக்கும். உடைத்த கட்டை திரும்ப வரும், கதவு தாமதமாகத் திறக்கும். இதற்குக் காரணம் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய பண்ணையாக இருக்கும். நூற்றுக்கணக்கில் அடைத்து வைத்த கோழி, பொருளை இழுத்துக் கடத்தும் ஹாப்பர் வரிசை வரிசையாக, கேமின் மின்சாரம் போன்ற ரெட்ஸ்டோனில் நிறுத்தாமல் துடிக்கிற கடிகாரம், வழி தேடிக்கொண்டே இருக்கும் கிராமவாசிகள்.

யாரையும் குற்றம் சொல்ல மனம் வராத தவறு இது. ஆசையாகக் கட்டியதாகத்தான் இருக்கும். வேண்டும் என்கிற அளவுக்கு மட்டும் கால்நடை வளருங்கள். ரெட்ஸ்டோனுக்கு ஒரு நெம்புகோல் வைத்து, வேலை இல்லாதபோது அணைத்துவிடுங்கள். ஹாப்பருக்கு மேலே ஒரு காம்போஸ்டர் (உரத்தொட்டி) வைத்தாலே, மேலே பொருள் கிடக்கிறதா என்று அது ஓயாமல் தேடுவது நின்று சுமை குறையும். பண்ணையைக் குறைக்கச் சொல்லி அட்மின் கேட்டால் அதைத் தண்டனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போனில் ஆடுபவர், கம்ப்யூட்டரில் ஆடுபவர்

நம் பக்கத்துப் பிள்ளைகளில் பலருக்குப் போன்தான் கருவி. போனில் இருப்பது பெட்ராக் பதிப்பு, கம்ப்யூட்டரில் பலர் ஆடுவது ஜாவா பதிப்பு. கெய்சர் என்ற மென்பொருளை வைத்து ஜாவா சர்வருக்குள் பெட்ராக் ஆட்களையும் கொண்டுவருகிறோம். கூடவே ஃப்ளட்கேட் என்ற துணை மென்பொருளும் இருந்தால் அவர்கள் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி விழும். அந்தப் புள்ளியைப் பார்த்தவுடன் இளக்காரம் செய்பவர்கள் இருக்கிறார்கள். மௌஸ் பிடித்தவர் தொடுதிரையில் விரல் ஓட்டுபவரைச் சண்டைக்கு இழுத்து ஜெயிப்பதில் என்ன வீரம்? இருவரும் சம்மதித்தால் மட்டுமே சண்டை என்று அதனால்தான் வைத்திருக்கிறோம். அவர்கள் தட்டச்சு செய்யவும் நேரமாகும். பதில் வரவில்லை என்று கேள்விக்குறியாகப் போட்டு சாட்டை நிரப்ப வேண்டாம்.

சண்டையின் நடுவில் வேண்டுமென்றே வெளியேறுவது தவறு, அப்படிச் செய்தவர் பொருளை இழப்பார். ஆனால் மின்வாரியப் பராமரிப்பு நாளில் கரண்ட் போய் வைஃபை நின்றவரையும் பிளக்இன் அதே கணக்கில்தான் சேர்க்கும். ஊர் பெயரைச் சொல்லி அட்மினிடம் கேளுங்கள், அன்றைக்கு அங்கே மின்தடையா என்று பார்த்துவிட்டுப் பொருளைத் திருப்பித் தருவோம்.

பேச்சு விஷயத்தில் சுருக்கமாக: கூட்டாளிகளுக்குள் லே போட்டுப் பேசுவது நம் ஊர்ப் பாசம். முகம் தெரியாதவரிடம் அண்ணே, அக்கா, அண்ணாச்சி என்று ஆரம்பித்தால் பாதிச் சண்டை எழாது. அம்மாவை, அக்கா தங்கையை இழுக்கும் வசவுக்கு உடனே வாய்ப்பூட்டு. வாய்ஸ் சாட்டில் சின்னப் பிள்ளைகளும், சில சமயம் அவர்களுடைய அம்மாக்களும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஓபி (அட்மின் அதிகாரம்) தாங்க, கிரியேட்டிவ் (எல்லாப் பொருளும் சும்மா கிடைக்கும் நிலை) தாங்க என்று அட்மின்களை நச்சரிப்பதும் வேண்டாம்.

சாதி அடையாளம்

இதை நெல்லைப் பக்கத்தில் எழுதுகிறவர் தாண்டிப் போக முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவர் ஒருவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன் பிறகு தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒருநபர் குழுவாக அமைத்தது. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கை, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் ஆகியவற்றோடு மாணவர்கள் பள்ளிக்கு வரக் கூடாது என்று பரிந்துரைத்தது.

பள்ளி வாசலில் கழற்றிய கயிற்றை இங்கே வந்து கட்டிக்கொள்ள நிறைய வழி இருக்கிறது. மைன்கிராஃப்டில் 16 சாயங்கள். தோல் கவசத்தை எந்த நிறத்திலும் சாயமேற்றலாம், கொடியில் எந்த இரண்டு நிறத்தையும் சேர்க்கலாம், ஸ்கின்னில், அதாவது ஆடுபவரின் உருவத் தோற்றத்தில், யார் முகத்தையும் போடலாம். பயனர் பெயருக்குப் பின்னால் ஒரு பட்டப்பெயரோ, குறிப்பிட்ட எண்ணோ ஒட்டிக்கொள்ளலாம். வெளியூர்க்காரருக்கு ஒன்றும் புரியாது. இங்கே வளர்ந்த பிள்ளைக்குப் பார்த்த மாத்திரத்தில் புரியும். அதனால் "சும்மா கலர்தான்" என்ற பதிலை நாங்கள் ஏற்பதில்லை. தலைவர்களின் படம் போட்ட ஸ்கின்னும் வேண்டாம் என்கிறோம். நாடே மதிக்கும் தலைவராக இருந்தாலும், அவரை ஒரு கூட்டத்தின் சொத்தாக்கி இன்னொரு கூட்டத்தைச் சீண்டுவதை இந்த மண்ணில் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

கேள்விகளும் அப்படித்தான். "எந்த ஊரு?" சரி. "ஊர்ல எந்தத் தெரு?", "நீங்க என்ன ஆளுங்க?", "உங்க குலசாமி எது?" என்று அடுத்தடுத்து வந்தால் அது விசாரிப்பு. பதில் சொல்ல வேண்டியதில்லை. திரையைப் படம் பிடித்து அனுப்புங்கள்.

ஊர்ப்பெருமைக்குத் தடை கிடையாது. பாபநாசத்து அருவியைக் கட்டுங்கள், உங்கள் ஊர்க் குளத்தைக் கட்டுங்கள், ஊர் பெயரில் குழு வையுங்கள். ஆனால் அந்தக் குழுவில் சேர ஒரு பிள்ளையின் சாதி தடையாகத் தெரிந்தால் குழுவையே கலைத்துவிடுவோம். மற்ற தவறுகளுக்கு எச்சரிக்கை, சில நாள் தடை என்று படிகள் வைத்திருக்கிறோம். இதற்குப் படி இல்லை, நேராக வெளியே. உடைந்த சுவரைப் பதிவிலிருந்து திரும்பக் கட்டலாம். சாதி சொல்லி அவமானப்படுத்தப்பட்ட பிள்ளை மறுநாள் உள்ளே வராமல் போனால், எந்தப் பிளக்இன்னும் அதைத் திருப்பாது.

சொந்த விவரமும் பணமும்

போன் நம்பர், பள்ளியின் பெயர், வீட்டு முகவரி, டியூஷன் போகும் நேரம், இவற்றை சாட்டில் போடாதீர்கள். இன்னொருவருடையதைப் போடுவது அதைவிடக் கெட்ட தவறு. கேம் பொருளுக்கு நிஜப் பணம் வாங்குவதும் கொடுப்பதும் கூடாது. "ஜிபே-ல அனுப்பு, நெதரைட் தாரேன்" என்று சொன்னவர் பணம் வந்ததும் காணாமல் போனால், கேமுக்குள் எங்களால் ஆளைத் தடை செய்ய முடியும், பணத்தை மீட்க முடியாது. அப்படி ஏமாந்திருந்தால் வீட்டில் மறைக்காமல் சொல்லி, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே பேசுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க வாய்ப்பு இருப்பது முதல் சில மணி நேரத்தில்தான். ஆள் தெரியாத ஒருவர் தனியாக நேரில் சந்திக்கக் கூப்பிட்டாலும் வீட்டில் சொல்லிவிடுங்கள்.

தண்டனை வந்த பிறகு செய்யும் தவறு

தடை விழுந்தவுடன் வேறு கணக்கில் நுழைவதுதான் பலருக்கு முதலில் தோன்றுவது. கண்டுபிடித்தால் ஒரு வாரத் தடை நிரந்தரத் தடையாகிவிடும். "தம்பி ஆடினான், நான் இல்லை" என்பது அடுத்தது. ஒரே போனில் அண்ணனும் தம்பியும் ஆடும் வீடுகள் நிறைய, அது உண்மையாகவே இருக்கலாம். இருந்தாலும் கணக்கின் பெயரில் நடந்ததற்குக் கணக்குக்காரர்தான் பொறுப்பு. தம்பிக்குத் தனிக் கணக்கு வைத்துக் கொடுங்கள்.

அட்மின்களும் தவறு செய்கிறார்கள். நண்பனுக்குப் பொருளை வரவழைத்துக் கொடுப்பது, சண்டையின்போது தன் பக்கத்து ஆளை மட்டும் காப்பாற்றுவது, கண்ணுக்குத் தெரியாத நிலையில் நின்று அடுத்தவர் பேச்சைக் கேட்பது, இவை எல்லாம் விதிமீறல்தான். அதைச் சொல்லும் உரிமை நேற்றுச் சேர்ந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் உண்டு. மேல்முறையீட்டை, தண்டனை கொடுத்த அட்மின் பார்க்காமல் வேறொருவர் பார்க்க வேண்டும். அப்படி ஏற்பாடு இல்லாத சர்வரில் சேரும் முன் யோசியுங்கள்.

மேல்முறையீடோ புகாரோ, கோபத்தில் நீளமாக எழுதுவதைவிட மூன்று விவரம் உதவும்: யார், எப்போது, எந்த இடத்தில். கம்ப்யூட்டரில் எஃப்3 அழுத்தினால் இடத்தின் எண்கள் திரையில் வரும். போனில் அவை திரையின் மூலையில் தெரியும்படி சர்வரில் வைத்திருப்போம். தெரியவில்லை என்றால் அட்மினிடம் கேளுங்கள். எண்கள் தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால், மீதியைப் பதிவிலிருந்து நாங்களே எடுத்துக்கொள்வோம்.