பழகிய ஊரில் புதுப் படம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊரே எடுத்துத் தீர்த்த மணிக்கூண்டையும் பாலத்தையும் மறுபடி எடுக்கக் கிளம்பும் புதியவர்களோடு அடிக்கடி நடக்கிறேன். ஒரு காலத்தில் நான் செய்ததையெல்லாம் அவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள். கோணலான அடிவானம், கை ஆடிய படம் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அவற்றைப் படமே காட்டிக்கொடுத்துவிடும்.

இன்றைய நாளைத் துடைத்துவிட்டு எடுப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. மின்கம்பி, சுவரொட்டி, விளம்பரப் பலகை, நிறுத்தியிருக்கும் வண்டி, எதுவுமே படத்துக்குள் வரக்கூடாதென்று வளைந்து நெளிந்து நிற்பார்கள். மீறி ஏதாவது வந்துவிட்டால் இருக்கவே இருக்கிறது போன், விரலால் தேய்த்தால் போய்விடும். அப்புறம் மிஞ்சுவது என்ன? அஞ்சலட்டையில் ஏற்கெனவே இருக்கும் அதே கட்டடம், அதே வானம்.

அந்தக் கட்டடத்தை எத்தனையோ பேர் எடுத்திருப்பார்கள், சரி. இன்று காலை அதன் முன்னால் இருப்பதை இதற்குமுன் யாரும் எடுத்திருக்க முடியாதே! அங்கே புதிதாக இருப்பது அது ஒன்றுதான். அதைத்தான் மெனக்கெட்டு அழிக்கிறோம்.

அண்மையில் ஒரு தம்பி மணிக்கூண்டுப் படம் ஒன்றைக் காட்டினார். பளிச்சென்று சுத்தமாக இருந்தது, கொட்டாவி வந்தது. திருத்துவதற்கு முந்தைய படத்தைக் கேட்டேன். அப்போது பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்ததாம். உச்சிவரை சாரம், அதன்மேல் பச்சை வலை. வலைக்குள் வடிகட்டி வந்த வெயிலில் கடிகாரத்தின் முகமே பச்சையாகத் தெரிந்தது. நின்றுபோயிருந்த பெரிய முள்ளில் ஒரு தொழிலாளி தன் சட்டையைக் கழற்றி மாட்டியிருந்தார். கணினி முன் உட்கார்ந்து இத்தனையையும் அழித்திருக்கிறார் தம்பி. “சாரம் அசிங்கமா இருந்துச்சுண்ணே” என்றார்.

அசல் கோப்பு அவரிடம் இல்லை. நண்பருக்கு வாட்ஸப்பில் அனுப்பிய சின்னப் பிரதி மட்டும்தான் மிச்சம். அதைப் பெரிதாக அச்சிட முடியாது. சாரத்தையும் பிரித்துவிட்டார்கள். இனி அந்தச் சட்டைக்கு எங்கே போவது?

பிரெஞ்சுப் புகைப்படக்காரர் யூஜின் அட்ஜே 1890களின் இறுதியிலிருந்து 1927இல் இறக்கும்வரை பாரிஸை எடுத்துக்கொண்டே இருந்தார். கடை ஜன்னல்கள், கதவுத் தட்டுக்குமிழ்கள், தெருவில் கூவி விற்பவர்கள் என்று சில்லறை விஷயங்கள் நிறைய. ஓவியர்களுக்கான ஆவணங்கள் என்று சொல்லித்தான் விற்றார். அந்தச் சில்லறைக்காகத்தான் இன்று அவர் படங்களைத் தேடிப் பார்க்கிறோம். குப்பைத்தொட்டியைக்கூட விடாமல் எடுக்கச் சொல்லவில்லை. கம்பி இடைஞ்சலாக இருந்தால் ஓரடி நகர்ந்து அதைப் படத்தின் கோடாக ஆக்கப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் விட்டுவிடலாம்.

எல்லோரும் பார்க்கும் பக்கமே பார்ப்பது

1912 ஏப்ரலில் பாரிஸில் சூரிய கிரகணம். அட்ஜே கிரகணத்தை விட்டுவிட்டு, அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தை எடுத்தார்.

புது லென்ஸ் வாங்குவது

வேண்டாம்.

ஒருமுறை போய்விட்டு “அங்கே ஒன்றுமில்லை” என்பது

எந்த மாதம் போனீர்கள்? சூரியன் உதிக்கும் இடம் ஜூனுக்கும் டிசம்பருக்கும் இடையே நிலநடுக்கோட்டிலேயே சுமார் 47 டிகிரி நகர்கிறது. அங்கிருந்து தள்ளிப் போகப்போக இன்னும் அதிகம். வட அரைக்கோளத்தில், வடக்கு பார்த்த சுவரில் டிசம்பர் முழுக்க நேர்வெயில் விழாது. அதே சுவரில் ஜூன் மாதக் காலை வெயில் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகும், காரை பெயர்ந்த இடமெல்லாம் மேடும் பள்ளமுமாக எழுந்து நிற்கும். டிசம்பரில் பார்த்துவிட்டுச் செத்த சுவர் என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அன்று இரவே அழிப்பது

ஒரு வருடம் கிடக்கட்டும். பிடிக்காத படங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கேமராவின் தேதியைச் சரிபார்க்காதது

பேட்டரி தீர்ந்து நாளாகிவிட்டால் சில கேமராக்களில் தேதி தானாக மாறிவிடும். மாறிய தேதியே ஒவ்வொரு கோப்பிலும் பதிவாகும். சாரம் கட்டிய வருடம் எது, பிரித்த வருடம் எது என்று பிற்பாடு குழம்புவீர்கள். கிளம்பும்முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் இந்தத் தகவல் உதிர்ந்துவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.