எட்டு போனில் ஒரு காட்சி: கோணம் பார்ப்பவர் கையில்

ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் தனிமோட்டோவின் குழு 100 கேமராக்களை அடுக்கி, பார்ப்பவரே கோணத்தைத் தேர்ந்துகொள்ளும் தொலைக்காட்சியைச் செய்து காட்டியது. மேசையில் காய் நறுக்கும் கைகளை இரண்டு விநாடிக்கு அப்படிக் காட்ட எட்டு போன் போதும். முறையின் பெயர் காஸியன் ஸ்ப்ளாட்டிங்: பல கோணப் படங்களிலிருந்து காட்சியை லட்சக்கணக்கான மங்கலான நிறப்புள்ளிகளாகக் கணினியில் கட்டுவது. கணினியில் என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு கட்டாயம்.

காட்சியின் நடுப்புள்ளியிலிருந்து 1.5 மீட்டர் நூல் பிடித்து வில் போல ஒரு கோடு போடுங்கள். அதன்மேல் 26 செ.மீ.க்கு ஒரு போன். அடுத்தடுத்த போன்களுக்கு நடுவே 10 டிகிரி வரும், மொத்தம் 70. இதைவிட அகட்டினால் விரல் மறைவுகளில் ஓட்டை விழும். மேசையில் செய்தித்தாளோ பூப்போட்ட துணியோ விரியுங்கள். வெள்ளைச் சுவரில் மென்பொருள் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது.

எல்லா போனிலும் 1080பி, 60 பிரேம். ஃபோகஸ், எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் பூட்டுங்கள். நடுக்கத்தைச் சமன்செய்யும் ஸ்டெபிலைசேஷனை அணைத்தே ஆகவேண்டும். அது பிரேமுக்குப் பிரேம் படத்தை நகர்த்தி வெட்டுவதால் அளவெடுத்த கேமரா நிலையெல்லாம் பொய்யாகிவிடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு 100 முறை துடிக்கும். ஆகவே ஷட்டர் 1/100. பகல் வெளிச்சமானால் 1/250 வைக்கலாம், கை மங்காது.

ரெக்கார்ட் பொத்தானை அழுத்தும்போது போன் அசையும். எல்லாவற்றையும் ஓடவிட்டு, காலி மேசையைச் சில விநாடி பதிந்து, பிறகு நடுப்புள்ளியில் ஒரு கைதட்டு. எல்லா போனும் சம தூரத்தில் இருப்பதால் சத்தம் ஒரே நேரத்தில் போய்ச்சேரும். போன் வீடியோவில் பிரேம் இடைவெளி சீராக இராது; முதலில் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் நிரலில் நிலையான 60க்கு மாற்றிவிட்டு, கைதட்டை வைத்து வரிசைப்படுத்துங்கள். அப்படியும் அரை பிரேம், அதாவது 8 மில்லிசெகண்ட், பிசகலாம். விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போகும் கை அதற்குள் 8 மி.மீ. நகர்ந்துவிடும், விரல் இரட்டையாகத் தெரிவது இதனால்தான். மெதுவாக நறுக்கச் சொல்லுங்கள்.

காலி மேசையை வேறொரு போனில் சுற்றிவந்து 80 படம் எடுங்கள். எட்டு வீடியோவின் காலி மேசைப் பிரேம்களையும் சேர்த்து, படங்களை ஒப்பிட்டுக் கேமரா நிலைகளைக் கணக்கிடும் கோல்மேப் மென்பொருளில் கொடுங்கள். அந்த எட்டை ஃபோட்டோ மோடில் எடுக்காதீர்கள், வீடியோவின் கோண அகலம் வேறு. பலரும் விழும் குழி ஒன்று: காஸியன் ஸ்ப்ளாட்டிங்கோடு வரும், கோல்மேப்பை ஓட்டிப் படங்களைத் தயாராக்கும் நிரல், எல்லாப் படமும் ஒரே கேமராவில் எடுத்தது என்றே எடுத்துக்கொள்ளும். அந்த அமைப்பை அணைத்து, கேமராவுக்கொரு லென்ஸ் அளவு கேளுங்கள். கோல்மேப் காட்டும் சராசரிப் பிழை 1 பிக்சலுக்கு மேல் நின்றால் ஏதோ ஒரு போன் நகர்ந்திருக்கிறது.

இனி பயிற்சி, அதாவது படங்களோடு பொருந்தும்வரை புள்ளிகளை நிரல் சுற்றுச்சுற்றாகத் திருத்துவது. காலி மேசைக்கு 7,000 சுற்று ஓட்டி அந்த நிலையைச் சேமியுங்கள். ஒவ்வொரு பிரேமுக்கும் அங்கிருந்தே தொடங்கி, அந்தக் கணத்தின் எட்டுப் படங்களோடு 8,900 வரை. 9,000ஐத் தொடக்கூடாது: ஒவ்வொரு 3,000ஆவது சுற்றிலும் நிரல் எல்லாப் புள்ளிகளையும் ஏறக்குறைய கண்ணாடி போலாக்கி மறுபடி வளர்க்கிறது. நீட்டி ஓட்டினாலும் கெடுதல்தான், எட்டுக் கேமராவுக்கு மட்டும் சரியாகத் தெரிகிற பொய்ப்புள்ளிகள் நடுவெளியில் மிதக்கும்.

கோப்பு அளவைக் கவனியுங்கள். இயல்பு அமைப்பில் ஒரு புள்ளிக்கு 248 பைட். கோணத்துக்கேற்ப நிறம் மாறும் அம்சத்தைப் பூஜ்யமாக்கினால் 68தான். 2 லட்சம் புள்ளிக்குப் பிரேம் ஒன்று 13.6 எம்பி. பிரேம் விட்டுப் பிரேம் எடுத்தால் இரண்டு விநாடிக்கு 60 பிரேம், 816 எம்பி. ஆனால் கத்தியின் பளபளப்பு செத்துவிடும். எனக்கு அது நஷ்டமாகப் படவில்லை. மின்னும் எஃகு எப்படியும் சரியாக வராது, அலகுக்குள் பேய்போல இன்னொரு அலகு தெரியும். அலகில் கொஞ்சம் மாவு தடவிவிடுங்கள்.

பார்ப்பவருக்குக் கொடுக்கும்போது இடவலம் நடுவிலிருந்து 30 டிகிரிக்கும், மேல்கீழ் 5 டிகிரிக்கும் பூட்டிவிடுங்கள். அதைத் தாண்டினால் கேமரா பார்க்காத பக்கம். கைகளுக்குப் பின்புறமே இருக்காது.