கைக்குழந்தையோடு பிஜி சீட் தேடுகிறவர்கள் பட்டியலைப் பூட்டும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஜூனியர் ஒருத்தி, மருத்துவ மேற்படிப்புக்கான (பிஜி) தன் சாய்ஸ் லிஸ்ட்டை, அதாவது எந்தக் கல்லூரியில் எந்தத் துறை வேண்டும் என்று முன்னுரிமைப்படி அடுக்கிய பட்டியலை அனுப்பி, "அக்கா, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்களேன்" என்றாள். 112 வரிகள் இருந்தன. அவள் குழந்தைக்கு எட்டு மாதம். கணவருக்குக் கோவையில் வேலை. பட்டியலின் முதல் இருபது வரிகளில் டெல்லி, மும்பை, புனே, ஜெய்ப்பூர் எல்லாம் வரிசைகட்டி நின்றன. எதை வைத்து அடுக்கினாய் என்று கேட்டேன். "போன வருட குளோசிங் ரேங்க்கை வைத்துத்தான் அக்கா. எல்லாரும் அப்படித்தானே போடுகிறார்கள்" என்றாள். ஒவ்வொரு இடமும் கடைசியாக எந்த ரேங்க்குக்குப் போனது என்பதுதான் அது.

நானும் அப்படித்தான் போட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். சான்றிதழ்களைத் தயாராக வைக்காதது, கடைசி நாளில் பணம் கட்டப் போய்த் தளம் திணறுவது போன்றவற்றையெல்லாம் விட்டுவிடுகிறேன். அவை யாரும் சொல்லாமலே தெரியும். கல்யாணமாகி, குழந்தையும் இருந்து, மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான நீட் பிஜி எழுதி ரேங்க் வாங்கியவர்கள் செய்கிற தவறுகள் வேறு மாதிரியானவை.

"கிடைத்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு வரியைச் சேர்ப்பது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் கழித்தும் யாராவது இந்த வாக்கியத்தைச் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

முதலில், கவுன்சலிங் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். அகில இந்திய ஒதுக்கீட்டில், அதாவது நாடு முழுவதற்கும் பொதுவான இடங்களில், கணினி உங்கள் ரேங்க்கை எடுத்துக்கொண்டு, பட்டியலின் முதல் வரியிலிருந்து கீழே இறங்கி வரும். உங்கள் ரேங்க்குக்கு எந்த வரியில் முதலில் காலியிடம் இருக்கிறதோ அங்கே நின்றுவிடும். நீங்கள் அந்த வரியை ஆசையோடு போட்டீர்களா, சும்மா போட்டீர்களா என்று அதற்குத் தெரியாது. பட்டியலை நீங்கள் பூட்டாமல் விட்டாலும், நேரம் முடிந்ததும் அது தானாகவே பூட்டிக்கொள்ளும்.

அடுத்தது அப்கிரேடு. முதல் சுற்றில் இடம் கிடைத்துக் கல்லூரிக்குப் போய்ச் சேரும்போது, அடுத்த சுற்றில் இதைவிட நல்ல இடத்துக்கு முயற்சி செய்ய விருப்பமா என்று கேட்பார்கள். விருப்பம் என்று சொன்னால் இரண்டாம் சுற்றுக்குப் புதிதாகப் பட்டியல் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியலில் உள்ள எந்த இடம் கிடைத்தாலும், கையில் இருக்கிற முதல் சுற்று இடம் அந்த நொடியே ரத்து. அது வேறொருவருக்குப் போய்விடும். இரண்டையும் பக்கத்தில் வைத்து எது வேண்டும் என்று யோசிக்க ஒரு மணி நேரம்கூடக் கிடைக்காது.

எனக்கு முதல் சுற்றில் எம்.டி. குழந்தைகள் நலம் கிடைத்தது. அரசுக் கல்லூரி. எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் நாற்பது நிமிடம். அம்மா வீடு அதே ரூட்டில். என் மகளுக்கு அப்போது இரண்டு வயதுகூட ஆகவில்லை. சேர்ந்துவிட்டு வந்தேன். அப்கிரேடுக்கு விருப்பம் என்று எழுதிக் கொடுத்திருந்தேன், ஏனென்றால் என்னோடு சேர்ந்த எல்லாரும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு சீனியரிடம் கேட்டபோது, "பெரிய காலேஜ் நாலஞ்சு மேலே போட்டு வை. கிடைத்தால் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். போட்டு வைத்தேன்.

ரிசல்ட் வந்த சாயங்காலம் மகளுக்கு இட்லியை மசித்து ஊட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கையில் கிண்ணம், ஒரு கையில் போன். அதே பிராஞ்ச், பெயர் பெற்ற கல்லூரி, ரயிலில் இரண்டு இரவு போக வேண்டிய ஊர். என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இது நல்ல விஷயம்தானே?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்த நாலைந்து வரிகளைப் போட்டதை நான் அவரிடம் சொல்லியிருக்கவே இல்லை.

போகாமல் இருந்திருக்கலாமே என்பீர்கள். இரண்டாம் சுற்று இடத்தை விட்டால் கட்டிய டெபாசிட் போய்விடும். அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் பொதுப்பிரிவில் 25,000 ரூபாய், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு 2 லட்சம். எனக்குப் பணம் பெரிய விஷயமாக இல்லை. ஆனால் விட்ட பிறகு, மிச்சமிருக்கும் சுற்றில் என் ரேங்க்குக்கு இந்த பிராஞ்ச் திரும்பக் கிடைக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. இன்னொரு வருடம் படிக்கத் தெம்பும் இல்லை. போனேன்.

அங்கே கற்றுக்கொண்டது நிறைய, அதை மறுக்க மாட்டேன். ஆனால் நாற்பது நிமிடத்தில் இருந்த கல்லூரியில் படித்திருந்தாலும் இதே டிகிரிதான், இதே பாடம்தான், இன்று பார்க்கிற இதே வேலைதான். முதல் வருடம் ஏழு மாதம் கழித்துத்தான் ஊருக்கு வர முடிந்தது. வரும் வழியில் மகளுக்கு ஒரு கவுன் வாங்கினேன். மனதில் இருந்த அளவுக்கு வாங்கினேன். தலை நுழைந்தது, கை நுழையவில்லை. வார்டில் தினமும் ஊரார் பிள்ளைகளின் எடையையும் உயரத்தையும் அட்டையில் குறிக்கிறவள் நான். என் பிள்ளை எத்தனை சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

அதனால் ஒவ்வொரு வரியையும் போடும்போது, அடுத்த திங்கட்கிழமை பெட்டி படுக்கையோடு அங்கே போய் இறங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போடுங்கள். போக முடியாது என்றால் அந்த வரி பட்டியலில் இருக்கக் கூடாது, எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் சரி. முதல் சுற்றில் கிடைத்தது உங்கள் குடும்பத்துக்குப் பொருந்துகிறது என்றால் அப்கிரேடு வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். வேண்டும் என்றே முடிவு செய்தாலும், இரண்டாம் பட்டியலில் கையில் இருப்பதைவிட நிச்சயமாக மேலானவை மட்டும் இருக்கட்டும். முதல் சுற்றுக்குப் போட்டதை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். இன்னொன்று: சுற்று விதிகளை வருடா வருடம் திருத்துகிறார்கள். போன வருடம் சேர்ந்தவர் சொல்வதைக் கேட்டுவிட்டு விடாமல், மருத்துவக் கவுன்சலிங் குழு அந்த வருடத்துக்கு வெளியிடும் தகவல் கையேட்டை நீங்களே உட்கார்ந்து படியுங்கள்.

தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பது

இருபது கிலோமீட்டர்தானே, தினமும் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று நினைப்பீர்கள். எத்தனை மணிக்குக் கிளம்ப முடியும் என்பதுதான் கேள்வி. பிஜி மருத்துவர்களின் பணி பற்றிய 1992ஆம் ஆண்டு மத்திய அரசின் ரெசிடென்சி வழிகாட்டுதலில், தொடர்ச்சியான பணி சாதாரணமாக ஒரு நாளைக்கு 12 மணி நேரத்தையும், வாரத்துக்கு 48 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது என்று இருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு முதுநிலை ஒழுங்குமுறையோ 'நியாயமான வேலை நேரம்' என்று மட்டும் சொல்கிறது. வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு உண்டு, அதுவும் வேலை நெருக்கடிக்கு உட்பட்டு. புது நோயாளிகளைச் சேர்க்கும் அட்மிஷன் நாளில் ஒரு கிளினிக்கல் யூனிட்டில் முதல் வருட பிஜியாக நின்று பார்த்தவர்களுக்கு இந்த வரிகளுக்கும் வார்டுக்கும் உள்ள இடைவெளி தெரியும்.

எனவே அங்கே படிக்கிறவரிடம் இப்படிக் கேளுங்கள்: நைட் டியூட்டி முடிந்த மறுநாள் எத்தனை மணிக்கு வார்டை விட்டு வெளியே வருகிறீர்கள்? காலை பத்து மணி என்று பதில் வந்தால் ஒரு வாழ்க்கை, மாலை ஐந்து மணி என்றால் வேறொரு வாழ்க்கை. ஒரே ஊரில், ஒரே பிராஞ்சில், அடுத்தடுத்த இரண்டு கல்லூரிகளில் இந்தப் பதில் மாறும். முப்பத்தாறு மணி நேரம் தூங்காமல் இருந்துவிட்டு ஸ்கூட்டரில் இருபது கிலோமீட்டர் ஓட்டி வருவது ஆபத்து. அந்தத் துறையில் நேரம் அப்படித்தான் என்றால், மருத்துவமனைக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு பிடிக்க முடியுமா என்று இப்போதே பாருங்கள்.

ஹாஸ்டல் கட்டாயம் என்று நினைத்துக்கொள்வது

2023 ஒழுங்குமுறைப்படி தங்குமிடம் தருவதுதான் கல்லூரிக்குக் கட்டாயம். அங்கேதான் தங்க வேண்டும் என்று மாணவருக்குக் கட்டாயம் இல்லை.

மூன்று வருடம் என்று மட்டும் கணக்குப் போடுவது

படிப்பு மூன்று வருடம்தான். ஆனால் பல மாநிலங்களில் அதன் பிறகு பாண்டு இருக்கிறது, அதாவது படித்து முடித்து அந்த மாநில அரசுக்கு வேலை செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தம். எத்தனை வருடம், எங்கே போஸ்டிங், செய்யாவிட்டால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சேரும்போது கையெழுத்துப் போடுகிற தாளில் அது இருக்கும். அந்த அவசரத்தில் யாரும் படிப்பதில்லை. வெளிமாநிலத்தில் பாண்டோடு சேர்த்து நான்கைந்து வருடம் என்றால், இன்று கைக்குழந்தையாக இருப்பது அங்கேயே பள்ளிக்கூடம் சேரும். அங்கே எந்த மொழியில் படிக்கும் என்பதுவரை யோசிக்க வேண்டியிருக்கும்.

நடுவில் மாவட்ட ரெசிடென்சி என்று மூன்று மாதம் உண்டு. 2021 பேட்ச்சிலிருந்து வந்தது. மூன்று, நான்கு, ஐந்தாம் செமஸ்டர்களில் ஏதாவது ஒன்றில் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரி என்று சேர்ந்தவர்களுக்கும் இது உண்டு. அந்த மூன்று மாதம் குழந்தை யாரிடம் இருக்கும்?

படிக்கும்போது இரண்டாவது குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் அதையும் மறைக்காமல் பேசிவிடுங்கள். மகப்பேறு விடுப்பு அரசு விதிப்படி உண்டு. ஆனால் அனுமதித்த நாட்களுக்கு மேல் எடுக்கிற விடுப்பு அத்தனையும் படிப்பின் முடிவில் கூடும். 80 சதவீத வருகை இல்லாமல் தேர்வும் எழுத முடியாது. உங்கள் பேட்ச் தேர்வு எழுதும்போது நீங்கள் வார்டில் இருக்க நேரலாம். அது தோல்வி இல்லை, ஆனால் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

துறைத் தலைவரிடம் மட்டும் விசாரிப்பது

குழந்தை உள்ள இரண்டாம் வருட பிஜி ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். அப்படி ஒருவர்கூட அந்தத் துறையில் இல்லை என்றால், ஏன் என்று கேளுங்கள்.

ஊருக்காக பிராஞ்சை விட்டுக்கொடுப்பது

இதில் நான் சொல்வது பலருக்குப் பிடிக்காது. கல்லூரிப் பெயரை விட்டுக்கொடுங்கள், வசதியை விட்டுக்கொடுங்கள், மனசுக்குப் பிடித்த பிராஞ்சை மட்டும் சுலபமாக விட்டுவிடாதீர்கள். என்னோடு படித்த தோழி, மகப்பேறு மருத்துவம் படிக்க வேண்டும் என்றே எம்.பி.பி.எஸ்.ஸுக்கு வந்தவள். வீட்டுக்குப் பக்கம், நைட் டியூட்டி கிடையாது என்பதற்காக வேறொரு துறையில் சேர்ந்தாள். மூன்று வருடம் நிம்மதியாகத்தான் போனது. இப்போது அவள் மகன் நான்காம் வகுப்பு, காலையில் தானே ஷூ போட்டுக்கொண்டு போகிறான். அவளோ மறுபடி நீட் பிஜி எழுதலாமா என்று என்னைக் கேட்கிறாள். குழந்தைக்கு நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டிய அந்தச் சில வருடங்கள் கடந்துவிடும். பிராஞ்ச் கடைசி வரை கூட வரும். என் வரிசை இதுதான்: பிராஞ்ச், அப்புறம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும் ஊர், அதற்கப்புறம்தான் கல்லூரிப் பெயர்.

வேலை நேரம் குறைந்த துறை உங்களுக்கு உண்மையிலேயே பிடித்திருந்தால் நல்லது, தயங்காமல் எடுங்கள். பிடித்தமாதிரி உங்களை நீங்களே நம்ப வைத்துக்கொள்வதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

ஸ்டைபெண்டை மாதம் தவறாமல் வரும் வருமானமாக எண்ணுவது

பிஜி படிக்கும்போது மாதாமாதம் தரும் இந்த உதவித்தொகை சேர்ந்தவுடன் வந்துவிடாது. மாதாமாதம் ஒழுங்காக வருகிறதா என்று அங்கே படிக்கிறவர்களிடம் கேட்டுவிட்டு, முதல் சில மாத வாடகையைத் தனியாக எடுத்து வையுங்கள்.

அம்மா பார்த்துக்கொள்வார் என்று, அம்மாவைக் கேட்காமலே முடிவு செய்வது

என் அம்மாவுக்கு அப்போது 58 வயது. முழங்கால் வலி. நான் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் நான் கேட்கவே இல்லை, தகவல் மாதிரிச் சொன்னேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவதற்காக இரண்டு வேளை மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்கு மூன்றாம் வருடத்தில்தான் தெரிந்தது. கேட்டிருந்தால் கீழ்வீட்டுக்கு மாற்றியிருப்போம், உதவிக்கு ஒரு ஆள் வைத்திருப்போம். மாமியாரோ, அம்மாவோ, கணவரோ, மூன்று வருடம் உங்கள் குழந்தையைத் தூக்கப்போகிறவர் பட்டியல் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்த ஜூனியரிடம் இதையெல்லாம் சொன்னேன். அன்று இரவே கணவரையும் மாமியாரையும் உட்கார வைத்துக்கொண்டு, 112 வரிகளையும் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்திருக்கிறாள். ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி: அடுத்த திங்கள் இங்கே கிளம்புகிறோம், சரியா? பத்தொன்பது வரி மிஞ்சியது. அதில் டெல்லியும் ஒன்று இருக்கிறது. கணவரின் அக்கா குடும்பம் அங்கே இருப்பதால், குழந்தையோடு தானும் வந்து தங்குகிறேன் என்று மாமியாரே சொல்லிவிட்டாராம். புனேயும் ஜெய்ப்பூரும் போய்விட்டன. நேற்று மதியம் பூட்டிவிட்டதாகச் செய்தி அனுப்பியிருந்தாள்.